கவிழ்த்து வைத்த சருகு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில்
விடியமுன் கேட்பது ரயில் அல்ல,
ஈர்க்கு விளக்குமாறு.
ஒவ்வொரு வாசலும் தன் மண்ணைச்
சீவிச் சீவிக் கோடு கிழித்துவிட்டு
யாரும் மிதிக்கமுன் உள்ளே போய்விடுகிறது.

என் பக்கம் மட்டும் குப்பை.
மூன்றாம் மாடி மிசிஸ் கொடித்துவக்கு
அதைச் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொல்வார்.
செயலாளர் நவரத்தினராஜா
சிரிக்காமல் தமிழில், கடிதமாக.

கொட்டங்காய் இலை, இரண்டு உள்ளங்கை அகலம்,
பாதி சிவப்பு, பாதி மாட்டுத்தோல்.
வாகையின் சின்ன இலைகள்,
அள்ளினால் விரலிடுக்கால் தவிடுபோல் ஒழுகும்.
பலா மட்டும் பிடிவாதம்:
ஆறு மாதம் போயும்
நேற்று விழுந்ததுபோல் மினுங்கிக்கொண்டு கிடக்கும்.

மாநகரசபை பெனடிக்ற்
ஹவ்லொக் வீதியில் கூட்டியதை
உரச்சாக்கில் கட்டி வெள்ளிக்கிழமைகளில் தருவார்.
ஒரு பிளேன்ரீ, இரண்டு மாரி பிஸ்கற்.
கொட்டித் தெரிந்தெடுக்க வேண்டும்:
பஸ் ரிக்கற், சுரண்டிய லொத்தர்ச் சீட்டு,
ஒருமுறை ஒரு சப்பாத்து நாடா,
முடிச்சு அவிழாமலே.

பாத்தி பெரிதில்லை.
மதிலுக்கும் கார் நிற்கும் சீமெந்துக்கும் நடுவே
நாலு பாய் விரிக்கலாம்.
மணிவாழை, வெட்சி, மஞ்சள் ஹெலிக்கோனியா,
பூக்க மறுக்கும் ஒரு காட்டு இஞ்சி.
நட்டவர்கள் முந்தி இருந்த குடித்தனக்காரர்.
ஆண்டுக்காண்டு விதைக்கத் தேவையில்லை;
இருந்த இடத்திலேயே இருந்து
பக்கத்தில் ஒரு முளை தள்ளுகிற சாதி.
என்னால் முடிந்தது
காலடியில் எதையாவது போர்த்துவது.

முதல் வருஷம் அன்பு மிஞ்சி
அந்தூரியத்தின் கழுத்துவரை குவித்தேன்.
அழுகிவிட்டது.
இப்போது தண்டைச் சுற்றி
ஒரு கை அகலம் சும்மா விடுகிறேன்.
செடிகளிடம் அது பழகிவிட்டது.
மகனிடம் இன்னும் இல்லை.

ஜூன் மழையோடு டெங்குப் பரிசோதகர் வந்தார்,
மழைக்கோட்டு, ரோச் லைற், நோட்டீஸ் புத்தகம்.
செயலாளர் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு.
"இது என்ன?"
"சாப்பாடு," என்றேன். "மண்ணுக்கு."
குந்தியிருந்து சருகை விலக்கினார்.
ஈரம். கறுப்பு. ஒரு மரவட்டை சுருண்டது.
தண்ணீர் இல்லை.
செயலாளரின் கைகள் கொஞ்சம் தளர்ந்தன.

பிறகு, ஓரத்தில், மல்லாந்து கிடந்த
ஒற்றைக் கொட்டங்காய் இலை.
வள்ளம்போல் வளைந்து,
உள்ளே ஒரு கரண்டி மழை,
மழைக்குள் நாலைந்து கீறல்கள்
துள்ளிக்கொண்டிருந்தன.

நான் வாய் திறக்கவில்லை.
மிசிஸ் கொடித்துவக்குவின் சின்ன மகள் ஏப்ரலில்
பத்து நாள் களுபோவிலையில் கிடந்தாள்.
இறங்கிக்கொண்டே போன இரத்தக் கணக்கை
படிக்கட்டில் நின்று இலக்கம் இலக்கமாகத்
தாய் எனக்குத்தான் சொன்னார்.

எழுதினார். ஏழு நாள் தவணை.
பேனையை மூடிவிட்டு
உடைந்த தமிழில் ஒன்று சொன்னார்:
"பெரிய இலை கிழி. இல்லாட்டி கவிழ்."

அன்று பின்னேரம் முழுக்க
மணிக்கட்டு நோகக் கிழித்தேன்.
நரம்போடு கிழிந்தால் ஒரு சத்தம்,
குறுக்கே கிழிந்தால் வேறு.
இருட்டியதும் கிழிப்பதை விட்டுக்
கவிழ்க்கத் தொடங்கினேன்,
கழுவிய கோப்பைகளைத் துணியில் வைப்பதுபோல்
ஒவ்வொன்றாக, முதுகு வானத்துக்கு.

மிசிஸ் கொடித்துவக்கு படியிறங்கி வந்தார்.
ஹவுஸ்கோட்டைச் செருகிக்கொண்டு
மறுகோடியில் குந்தினார்.
நான் கவிழ்த்த இடத்தையும்
ரோச் அடித்து ஒருமுறை பார்த்தார்.
பார்க்கட்டும்.

இரவு மழை.
காரின் தகட்டில் விழுவது ஒரு மாதிரி,
சீமெந்தில் ஒரு மாதிரி,
சருகின் முதுகில் விழுவது
பஸ்ஸில் யாரோ தள்ளியிருந்து
இடம் விடுவது மாதிரி.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்.
பெனடிக்றிடம் சொல்ல வேண்டும்:
கொட்டங்காய் வேண்டாம், வாகை போதும்.
சொல்லமாட்டேன் என்றும் தெரிகிறது.
அந்தச் சிவப்பு.